ரிப்போர்ட்டின் ஐந்தாவது வரி

கேள்வி:

டாக்டர் அய்யாவுக்கு வணக்கம். எனக்கு வயது 52. காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து வியாபாரம் செய்கிறேன். எட்டு வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன். ஐந்து மாதமாக இடது தோளில் வலி. முதலில் கையைத் தூக்கும்போது மட்டும் சுருக்கென்றது. இப்போது ராத்திரியில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. சட்டை போட்டால் இடது கையைத்தான் முதலில் நுழைக்க வேண்டியிருக்கிறது. முதுகு தேய்க்க வீட்டில் ஆள் கூப்பிடுகிறேன். கீழே விழவில்லை, அடியும் படவில்லை. கிருஷ்ணகிரியில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனேன். கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, எக்ஸ்ரே மட்டும் போதும் என்று எழுதிக் கொடுத்தார். இந்தக் காலத்தில் எக்ஸ்ரேயில் என்ன தெரிந்துவிடப் போகிறது என்று நான் எடுக்கவில்லை. மைத்துனர் சொன்னாரென்று ஓசூர் போய் நேராக எம்ஆர்ஐ எடுத்துவிட்டேன். ஜவ்வு கிழிந்திருப்பதாக வந்திருக்கிறது. ரிப்போர்ட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். பெங்களூரு போய் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் இன்னும் பெரிய மெஷினில், ஊசியில் மருந்து ஏற்றி, இன்னொரு எம்ஆர்ஐ எடுத்து உறுதிப்படுத்திக்கொள்ளலாமா? வீட்டில் அவளும் தோள் வலிக்கிறது என்கிறாள். அவளுக்கும் சேர்த்தே எடுத்துவிடலாமா? மாங்காய் சீசன் நேரத்தில் கையைத் தூக்க முடியாமல் தோப்புக்குப் போகவே வெறுப்பாக இருக்கிறது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்:

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், ரிப்போர்ட்டை மூன்று தடவை. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் தோளில் ஆபரேஷன் செய்கிறவன் இல்லை. தருமபுரியில் ஓர் இருட்டு அறையில் உட்கார்ந்து எக்ஸ்ரேயும் ஸ்கேனும் பார்த்து, நீங்கள் அனுப்பியிருப்பது மாதிரியான ரிப்போர்ட்டுகளை எழுதுகிறவன். அதனால் அந்தக் காகிதத்தில் இருக்கிற வரிகள் எப்படி எழுதப்படுகின்றன, எந்த வரி ஏன் முதலில் வருகிறது என்பது எனக்குத் தெரியும். உங்கள் கேள்விக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

ரிப்போர்ட்டின் தலைப்பகுதியில் உங்கள் பெயர், வயதுக்குக் கீழே ஒரு வரி இருக்கிறது, கவனித்தீர்களா? ‘ரெஃபர்டு பை: செல்ஃப்’. அனுப்பியவர் நீங்களே. படத்தைப் பார்த்தவருக்கு உங்கள் கை எந்தப் பக்கம் திரும்பவில்லை என்று தெரியாது, சர்க்கரை இருப்பது தெரியாது, சட்டை போடும் கதையும் தெரியாது. அவருக்குக் கிடைத்தது ஓர் இடது தோளின் படங்கள் மட்டும். அதில் கண்ணுக்குப் பட்டதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதிவிட்டார். அவர்மேல் குற்றமில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

கடைசியில் ‘இம்ப்ரெஷன்’, அதாவது முடிவுச் சுருக்கம், என்ற இடத்தில் ஐந்து வரிகள். முதல் வரி, சுப்ராஸ்பைனேட்டஸ் என்ற தோள் தசையை எலும்போடு கட்டுகிற நாரான தசைநாணில் பார்ஷியல் டியர், அதாவது முழுசாக அறாமல் ஒரு பகுதியில் மட்டும் கிழிசல். இரண்டாவது, அதே தசைநாணில் தேய்மானம். மூன்றாவது, காறையெலும்பு தோளோடு சேருகிற ஏசி மூட்டில் தேய்மானம். நான்காவது, பர்சா என்ற பையில் லேசாக நீர். இந்த நான்கைத்தான் எல்லோரும் உங்களுக்குப் படித்துக் காட்டியிருப்பார்கள். ஐந்தாவது வரியில், அக்குள் பக்கத்து மூட்டு உறை தடித்திருக்கிறது, முன்பக்கம் தசைநாண்களுக்கு நடுவில் இருக்க வேண்டிய கொழுப்பு மறைந்திருக்கிறது என்று போட்டிருக்கிறார். எனக்கு அந்த வரிதான் வேண்டும்.

ஜவ்வு என்ற சொல்லை முதலில் பிரித்துவிடலாம். நம் ஊரில் முழங்காலில் இருப்பதும் ஜவ்வு, முதுகெலும்பு நடுவில் இருப்பதும் ஜவ்வு, தோளில் இருப்பதும் ஜவ்வு. தோளில் அது தசைநாண். ஓர் அகல்விளக்கின் மேல் எலுமிச்சம்பழத்தை வைத்தால் எப்படி நிற்கும்? நிற்காது. நம் தோள் மூட்டு அப்படிப்பட்டதுதான். கிண்ணம் ஆழமில்லாதது, பந்து பெரியது. அந்தப் பந்து உருண்டு ஓடிவிடாமல் நான்கு தசைகள், பந்தல்காலை நாலு பக்கமும் கயிறு கட்டி இழுப்பதுபோல, தோள்பட்டை எலும்பிலிருந்து வந்து பிடித்துக்கொண்டிருக்கின்றன. மேலே போகிற கயிறு சுப்ராஸ்பைனேட்டஸ். அதிகமாக உரசித் தேய்வதும் அதுதான். இந்த நான்குக்கும் உள்ளே, மூட்டைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. கையைத் தூக்கும்போது விரிந்து கொடுப்பதற்காக அக்குள் பக்கம் அது மடிப்பு மடிப்பாகத் தொங்கும். உங்களுக்குத் தடித்திருப்பதாக ஐந்தாவது வரி சொல்வது அந்த மடிப்பை.

இனி கிழிசலுக்கு வருகிறேன். 1995ல் அமெரிக்காவில் தோள் வலியே இல்லாத 96 பேரைப் படுக்க வைத்து எம்ஆர்ஐ எடுத்தார்கள். வலி இல்லை, கை நன்றாகத் தூக்குகிறது, ஆனால் 34 சதவீதம் பேருக்குத் தசைநாணில் கிழிசல் இருந்தது. 60 வயது தாண்டியவர்களில் 54 சதவீதம். உங்கள் வயதுக்காரர்களான 40 முதல் 60 வரை உள்ளவர்களில் 28 சதவீதம். 2011ல் இன்னொரு குழு, 40 முதல் 70 வயது வரை வலியில்லாத 51 ஆண்களுக்கு அல்ட்ராசவுண்ட் பார்த்தது. அதில் 96 சதவீதம் பேரின் தோளில் ஏதாவது ஒரு மாற்றம் தெரிந்தது.

உங்கள் தோப்பில் முப்பது வருஷத்துப் பெங்களூரா மரத்தின் பட்டையில் வெடிப்பு இல்லாமல் இருக்குமா? ஒரு வருஷம் பிஞ்சு நிற்கவில்லை என்றால் பட்டை வெடிப்பையா குறை சொல்வீர்கள்? பூங்கொத்தைத் தட்டித் தத்துப்பூச்சி பறக்கிறதா என்றுதானே பார்ப்பீர்கள். உங்கள் சுப்ராஸ்பைனேட்டஸ் கிழிசல் அந்தப் பட்டை வெடிப்பாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. அது பொய்யில்லை, படத்தில் இருப்பதுதான். உங்கள் வலிக்கு அது காரணமா என்பதைப் படம் சொல்லாது, கையைத் திருப்பிப் பார்க்கிறவர்தான் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி டாக்டர் உங்கள் கையை இப்படியும் அப்படியும் திருப்பினார் என்று கொஞ்சம் அலுப்போடு எழுதியிருக்கிறீர்கள். ஐந்து மாதத்தில் உங்கள் தோளுக்கு நடந்த உருப்படியான பரிசோதனை அது ஒன்றுதான்.

அவர் என்ன பார்த்திருப்பார் என்பதை நீங்களே வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். சட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன்னால் நில்லுங்கள். இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை நேராக முன்னால் நீட்டுங்கள், இரண்டு கையிலும் தாம்பாளம் ஏந்துவதுபோல. முழங்கை விலாவை விட்டு விலகாமல் இரண்டு கையையும் கதவு திறப்பதுபோல வெளிப்பக்கம் விரியுங்கள். வலது கை தாராளமாகப் போகும். இடது கை பாதியில் நின்றுவிடும் என்று நினைக்கிறேன். இப்போது வீட்டில் இருப்பவரைக் கூப்பிட்டு, இடது கையை மெதுவாக வெளியே தள்ளச் சொல்லுங்கள், நீங்கள் தசையைத் தளர்த்திக்கொண்டு. முக்கியமான இடம் இதுதான். தசைநாண் மட்டும் கிழிந்திருந்தால் நீங்களாகத் தூக்க முடியாத கையை இன்னொருவர் தூக்கிவிட முடியும். கயிறு அறுந்திருக்கிறதே தவிர மூட்டு பூட்டப்படவில்லை. இன்னொருவர் தள்ளியும் கை நகரவில்லை, ஏதோ சுவரில் முட்டியதுபோல நிற்கிறது என்றால் பூட்டு மூட்டிலேயே இருக்கிறது.

கையைத் தொடாமல் நோய்க்குப் பெயர் வைப்பது எங்கள் தொழிலில் தப்பு. ஆனாலும் பந்தயம் கட்டச் சொன்னால் ஃப்ரோசன் ஷோல்டர் என்று கட்டுவேன். தோள்பட்டை இறுக்கம். 52 வயது, சர்க்கரை, அடிபடாமல் வந்தது, ராத்திரி வலி, சட்டையில் கை நுழைப்பது, முதுகுக்குக் கை எட்டாதது, அதோடு அந்த ஐந்தாவது வரி. 1934ல் இந்தப் பெயரை வைத்தவர் கோட்மேன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர். விளக்குவதும் கடினம், வைத்தியம் செய்வதும் கடினம் என்று அவரே அலுத்துக்கொண்டார். பொதுவாக நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு வருவது, சர்க்கரை உள்ளவர்களில் 10 முதல் 20 பேருக்கு வருகிறது என்பது மருத்துவப் பாடங்களில் சொல்லும் கணக்கு. எங்கள் ஸ்கேன் அறை பெஞ்சில் தோள் வலியோடு உட்கார்ந்திருப்பவர்களிடம் சர்க்கரை உண்டா என்று கேட்டாலே, நிறையப் பேர் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டிவிடுவார்கள்.

அப்படியானால் கிருஷ்ணகிரி டாக்டர் ஏன் எக்ஸ்ரே கேட்டார்? இதை விரிவாகவே சொல்கிறேன். எக்ஸ்ரே என்றால் பழைய காலத்துச் சரக்கு என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. 1895 நவம்பரில் ராண்ட்ஜென் கண்டுபிடித்தது, பழசுதான். ஆனால் கை வெளிப்பக்கம் திரும்பவில்லை, இன்னொருவர் திருப்பினாலும் திரும்பவில்லை என்றால் முக்கியமாக மூன்று காரணங்களை யோசிக்க வேண்டும். மூட்டு உறை இறுகியிருக்கலாம், மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்திருக்கலாம், பந்து கிண்ணத்தை விட்டுப் பின்பக்கம் நழுவி மாட்டிக்கொண்டிருக்கலாம். கை வைத்துப் பார்க்கும்போது மூன்றும் ஒரே மாதிரி இருக்கும். எக்ஸ்ரே எடுத்தால் பின்னால் சொன்ன இரண்டும் அதில் தெரியும். ஃப்ரோசன் ஷோல்டரில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். அதில் ஒன்றுமே தெரியாததுதான் அந்த டாக்டருக்கு வேண்டிய பதில். எக்ஸ்ரேயில் என்ன தெரிந்துவிடப் போகிறது என்று கேட்டீர்களே, ஒன்றும் தெரியக்கூடாது என்றுதான் அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மூன்றாவதாகச் சொன்னதை நான் ஒரு தடவை கோட்டைவிட்டிருக்கிறேன். இந்த வேலைக்கு வந்த புதிது. பாலக்கோடு பக்கத்துத் தக்காளித் தோட்டக்காரர் ஒருவர், மழை ஈரத்தில் மோட்டார் ஸ்விட்ச் பெட்டியில் கை வைத்துக் கரண்ட் அடித்துவிட்டது. கரண்ட் அடித்தால் உடம்பின் தசையெல்லாம் ஒரே நேரத்தில் சுண்டி இழுக்கும். தோளில் உள்பக்கம் திருப்புகிற தசைகளுக்குப் பலம் அதிகம், அதனால் பந்து பின்பக்கம் நழுவும். நேராக நிற்க வைத்து ஒரே ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். முன்னாலிருந்து பார்த்தால் பந்து கிண்ணத்துக்கு நேராக இருப்பது மாதிரியேதான் இருந்தது. எலும்பில் பாதிப்பு இல்லை என்று எழுதிவிட்டேன். அந்த ரிப்போர்ட்டை நம்பி ஆறு வாரம் எண்ணெய்க் கட்டோடு இருந்திருக்கிறார். பிறகு வேறொரு மருத்துவர் அக்குள் வழியாக இன்னொரு கோணத்தில் எடுக்கச் சொன்னார். பந்து பின்னால் போய், கிண்ணத்தின் விளிம்பு அதில் குத்திப் பதிந்திருந்தது. என் பழைய படத்தை எடுத்து மறுபடி பார்த்தேன். பந்தும் தண்டும் சேர்ந்து குண்டு பல்பு மாதிரி இருந்தது. பாடத்தில் படித்த அதே பல்பு. அன்றிலிருந்து ஒரே கோணத்தில் எடுத்த தோள் எக்ஸ்ரே மேஜைக்கு வந்தால், கரண்ட் அடித்ததா, வலிப்பு வந்ததா என்று கேட்டுவிட்டு, இன்னொரு கோணத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். படம் எடுக்கிற தம்பிகளுக்கு என்மேல் கோபம்தான்.

எம்ஆர்ஐ சுலபமாகத் தவறவிடுகிற ஒன்றும் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். தசைநாணுக்குள் சுண்ணாம்பு படிவது. எம்ஆர்ஐயில் தசைநாணும் கருப்பு, சுண்ணாம்பும் கருப்பு, ஒன்றுக்குள் ஒன்று மறைந்துவிடும். எக்ஸ்ரேயில் வெள்ளைச் சொட்டாக நிற்கும். திடீரென்று ஒருநாள் ராத்திரி உயிர்போகிற வலி வந்து, கையை அசைக்கவே முடியாமல் உட்கார்ந்திருப்பவர்களில் சிலருக்குக் காரணம் இந்தச் சுண்ணாம்புதான். கதிர்வீச்சு பயம் வேண்டாம். ஒரு தோள் எக்ஸ்ரேயில் உடம்புக்கு வருவது ஏறத்தாழ 0.01 மில்லிசீவர்ட். மண், காற்று, வானம் என்று இயற்கையிலிருந்தே ஒரு மனிதருக்கு வருஷத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வருகிறது.

உங்களுக்கு எம்ஆர்ஐ எடுத்தாகிவிட்டது. பந்தும் கிண்ணமும் சேருகிற மூட்டில் தேய்மானம் இல்லை, பந்து இடத்தில்தான் இருக்கிறது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அதனால் எக்ஸ்ரேயால் இனிக் கிடைப்பது சுண்ணாம்பு விஷயம் மட்டும்தான். டாக்டர் மறுபடி கேட்டால் எடுத்துக்கொடுங்கள், வாதாட வேண்டாம்.

பெரிய மெஷின் கேள்வி. உங்களுடையது 1.5 டெஸ்லா காந்த பலத்தில் எடுத்தது என்று ரிப்போர்ட்டில் போட்டிருக்கிறது. அது சின்ன மெஷின் இல்லை, பூமியின் காந்த சக்தியைப்போல சுமார் 30,000 மடங்கு. 3 டெஸ்லாவில் படம் இன்னும் துல்லியமாக வரும், உண்மைதான். இப்போது கிழிசல் என்று ஒரு வரி வந்த இடத்தில் இரண்டு வரி வரும். உங்கள் வைத்தியம் அதனால் மாறாது. மருந்து ஏற்றுவதும் அப்படியே. கையில் ஊசி போட்டு மருந்து ஏற்றுவது மூட்டில் சீழ், கட்டி மாதிரி சந்தேகம் இருந்தால் தேவைப்படும். சர்க்கரைக்காரர்களுக்கு அதற்கு முன்னால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்றும் பார்க்க வேண்டிவரும். மூட்டுக்குள்ளேயே மருந்து செலுத்தி எடுக்கிற எம்ஆர்ஐ வேறு வகை. கபடியில் விழுந்து தோள் கழன்று, அதற்கப்புறம் தலை வாரினால்கூடக் கழன்றுபோகிற இருபது வயதுப் பையன்களுக்கு, கிண்ணத்து விளிம்பின் ஜவ்வைப் பார்க்க அது உதவும். எலும்பு நொறுங்கியிருந்தால் சிடி ஸ்கேன். உங்களுக்கு இது எதுவும் வேண்டாம்.

அல்ட்ராசவுண்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது நான் தினமும் செய்கிற வேலை. தோளுக்கு அல்ட்ராசவுண்ட் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. அறை வாசலில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம் என்ற பலகை தொங்குகிறது. தோள் வலியோடு வந்த பெரியவர்கள் அதைப் படித்துவிட்டு, தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். உள்ளே ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, தோளில் ஜெல் தடவி, பின் பாக்கெட்டில் பர்ஸ் எடுக்கிற மாதிரி கையை வையுங்கள் என்பேன். அப்படி வைத்தால்தான் சுப்ராஸ்பைனேட்டஸ் எலும்புக்கு அடியிலிருந்து வெளியே வந்து நன்றாகத் தெரியும். உங்கள் மாதிரி ஆட்கள் கையை இடுப்புக்குப் பக்கவாட்டிலேயே நிறுத்திவிட்டு, ‘அவ்ளோதான் சார் போகும்’ என்பார்கள். திரையில் எதுவும் பார்ப்பதற்கு முன்னாலேயே எனக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும். கையை அசைக்கச் சொல்லி, அசையும்போதே பார்க்கலாம், எங்கே வலிக்கிறதோ அங்கேயே கருவியை வைக்கலாம். முழுக் கிழிசலைக் கண்டுபிடிப்பதில் எம்ஆர்ஐக்கு அது அவ்வளவாகச் சளைத்ததில்லை. செலவும் குறைவு. ஒரே குறை, பார்க்கிறவர் கைத்திறமையை நம்பியது. எலும்புக்கு உள்ளேயும் மூட்டின் ஆழத்திலும் என்ன இருக்கிறது என்று அதில் தெரியாது.

நேராக எம்ஆர்ஐக்குப் போக வேண்டியவர்களும் இருக்கிறார்கள், அப்படியானால் எனக்கும் அது வேண்டாம் என்று மற்ற வாசகர்கள் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. பைக்கிலிருந்தோ மரத்திலிருந்தோ விழுந்து, அன்றிலிருந்து கையைத் தானாகத் தூக்கவே முடியாமல் போனவர், எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தாலும், அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ தள்ளிப்போடாமல் எடுக்க வேண்டும். தசைநாண் ஒரேயடியாக அறுந்திருந்தால் சீக்கிரம் தைப்பது நல்லது, மாதக்கணக்கில் விட்டால் தசை சுருங்கிக் கொழுப்பாகிவிடும். காய்ச்சல், உடம்பு இளைப்பது, தோளில் வீக்கம், முன்பு புற்றுநோய் வந்தவர், காசநோய் வந்தவர், இவர்களும் காத்திருக்கக் கூடாது. வலி முழங்கையைத் தாண்டி இறங்கி, விரல்வரை மரத்துப்போனால் கழுத்தைப் பார்க்க வேண்டும். நடந்தால், படி ஏறினால் இடது தோளில் வலி வந்து, வியர்த்து, நின்றால் குறைகிறது என்றால் எந்தத் தோள் ஸ்கேனும் வேண்டாம், உடனே ஈசிஜி எடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலி இல்லாமலே வரலாம்.

எம்ஆர்ஐ எடுக்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பேஸ்மேக்கர் வைத்திருந்தால், மூளையில் கிளிப் போட்டிருந்தால் அறைக்குள் போகும் முன்பே சொல்லிவிடுங்கள். அரைஞாண், தாயத்து, மெட்டி எல்லாம் கழற்ற வேண்டும். தாலியைக் கழற்றத் தயங்குகிற பெண்களுக்கு, மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போகலாம் என்று எங்கள் நர்ஸம்மாவே சொல்லிக் கட்டிவிடுவார். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இன்னொன்றை அவசியம் கேட்க வேண்டியிருக்கிறது. கிரானைட் பட்டறையிலோ வெல்டிங், கிரைண்டிங் வேலையிலோ இருந்தவர்களுக்குக் கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் தெறித்திருந்தால் சொல்ல வேண்டும். வருஷக்கணக்காகச் சும்மா கிடந்த துணுக்கு காந்தத்துக்குள் நகர்ந்தால் கண் போய்விடும். முதலில் கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவோம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. கூச்சப்படாமல் அந்தக் கிருஷ்ணகிரி டாக்டரிடமே திரும்பப் போங்கள். எக்ஸ்ரே எடுக்காமல் எம்ஆர்ஐ எடுத்துவிட்டேன் என்று சொன்னால் கொஞ்சம் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். வேறு யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் போலுப்பள்ளி கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியிலும் எலும்புப் பிரிவு இருக்கிறது. போவதற்கு முன்னால் மூன்று மாதச் சராசரி சர்க்கரையையும் தைராய்டையும் பார்த்துக்கொண்டு போங்கள். தைராய்டுக் கோளாறு உள்ளவர்களுக்கும் இந்த இறுக்கம் வருகிறது.

ஃப்ரோசன் ஷோல்டர்தான் என்று அவர் கையைப் பார்த்து உறுதிப்படுத்தினால், பெரும்பாலும் கத்தி வேண்டியிருக்காது. மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்பார். வலி அதிகமாக இருக்கிற இந்தக் கட்டத்தில் அது நன்றாகக் கேட்கும். ஆனால் ஊசி போட்ட சில நாட்களுக்குச் சர்க்கரை எகிறும், வீட்டிலேயே தினமும் பார்த்து, சர்க்கரை டாக்டரிடமும் சொல்லி வையுங்கள். பயிற்சிக்கு, முன்னால் குனிந்து கையை ஊஞ்சல் மாதிரி தொங்கவிட்டு ஆட்டுவது, விரலால் சுவரில் ஏறுவது, துண்டைப் பிடித்து முதுகுப் பக்கம் இழுப்பது எல்லாம் சொல்லித் தருவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கக் கூடாது. யாராவது தோளை உருவி, இழுத்து, கட்டுப் போட்டு அசையாமல் வைக்கிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இறுகிப்போன மூட்டை அசையாமல் கட்டினால் இன்னும் இறுகும். இது ஒன்றிலிருந்து மூன்று வருஷம் வரை இழுக்கிற வியாதி. முதலில் வலி குறையும், அப்புறம்தான் கை விடும். சர்க்கரைக்காரர்களுக்குக் கொஞ்சம் மெதுவாக விடும், கடைசியில் லேசான இறுக்கம் சிலருக்கு மிச்சம் இருக்கும். மாதக்கணக்கில் ஊசிக்கும் பயிற்சிக்கும் மசியாத தோளுக்குத்தான் மயக்கம் கொடுத்து விடுவிப்பதோ ஆபரேஷனோ. அந்தப் பகுதிக் கிழிசலுக்காக இன்றைக்கே பெங்களூருக்கு வண்டி பிடிக்க வேண்டியதில்லை. இந்த சீசனுக்குத் தொரட்டியை ஆளிடம் கொடுத்துவிட்டு நீங்கள் எடையும் கணக்கும் பாருங்கள்.

உங்கள் மனைவிக்கும் சேர்த்தே எடுக்கலாமா என்றால், வேண்டாம். ஸ்கேன் சென்டர் வாசலுக்கு முன்னால் டாக்டர் வாசல். அதே கண்ணாடிச் சோதனையை அவர்களையும் செய்து பார்க்கச் சொல்லுங்கள், கை எந்தப் பக்கம் நிற்கிறது, எத்தனை நாளாக, ராத்திரி எழுப்புகிறதா, சர்க்கரை பார்த்தார்களா என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொண்டுபோகச் சொல்லுங்கள். பிறகு அவர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தால், அந்தச் சீட்டில் ‘தோள் வலி’ என்று மட்டும் இல்லாமல், எதைச் சந்தேகப்பட்டுக் கேட்கிறார் என்றும் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். எங்களை மாதிரி இருட்டறையில் இருப்பவர்களுக்கு அந்த ஒரு வரி பெரிய உபகாரம்.

நீங்கள் போகும்போது ரிப்போர்ட் காகிதத்தோடு ஓசூரில் கொடுத்த சிடியையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். படத்தை அவரே பார்க்கட்டும். ஐந்தாவது வரிக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்தால் நல்லது.